மாடிக்கு ஒரு மொழி, மண்ணுக்கு ஒரு மொழியா?

"தமிழில் கதை படிக்கலாம், கவிதை படிக்கலாம், மருத்துவம் படிக்க முடியுமா? பொறியியல் படிக்க முடியுமா?" இந்தக் கேள்வி நம் உடன்குடிக் கடைவீதியில் நாள்தோறும் காதில் விழுகிறது. கேட்பவர் தமிழுக்குப் பகைவர் அல்லர். மகனுக்குத் தூய தமிழ்ப் பெயர் வைத்தவர். பொங்கல் விழாவுக்கு நன்கொடை கொடுப்பவர். இந்தி என்றால் கொதித்தெழுபவர். ஆயினும் காலையில் தம் குழந்தைக்குக் கழுத்துப்பட்டை கட்டி, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் வாயிலைத் தாண்டிச் செல்லும் மஞ்சள் வண்டியில் ஏற்றிவிட்ட பிறகே கடையைத் திறக்கிறார். அவரை ஏசிப் பயனில்லை. அவர் கேட்கும் கேள்விக்கு வரலாறு தரும் விடையை எடுத்துரைப்பதே பகுத்தறிவாளர் செய்யத்தக்கது. அந்த விடையும் புதியதன்று. நூற்றறுபது ஆண்டுகட்கு முன்பே, நம் கரைக்கு எதிர்க்கரையில், யாழ்ப்பாணத்து மானிப்பாய் என்னும் ஊரில் அது செயலாகவே காட்டப்பட்டது.

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவர் அமெரிக்க மருத்துவர். 1822-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். பாஸ்டன் நகரத்து அமெரிக்க மிஷன் சங்கம் அவரை அனுப்ப, 1847-இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மதம் பரப்ப வந்த கூட்டத்தில் ஒருவரே அவர். அதை மறைக்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது அவர் செய்த வேறொரு காரியம். முதலில் அவரும் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். கற்றவர் என்ன செய்தனர்? மாதச் சம்பளம் தரும் அரசு வேலையைத் தேடி ஊரை விட்டு வெளியேறினர். வாந்திபேதி வந்தால் கிராமத்தான் வேப்பிலையும் பூசாரியுமாகவே மடிந்துகொண்டிருந்தான். கிறீன் சிந்தித்தார். ஊராருக்கு வைத்தியம் பார்க்க வேண்டியவன் ஊராரின் மொழியில் படிக்கட்டும் என்று முடிவு செய்தார். 1864-இல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கும் வகுப்பு தொடங்கிற்று.

வகுப்பென்றால் நூல் வேண்டாவா? நூல்களை அவரே ஆக்கினார். தம் மாணாக்கரையும் துணைக்கு வைத்துக்கொண்டு ஆக்கினார். அறுவை மருத்துவத்திற்கு 'இரணவைத்தியம்' 1867-இல் வந்தது. உடற்கூற்றிற்கு 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இல் வந்தது. வேதியியலுக்குக் 'கெமிஸ்தம்' 1875-இல் வந்தது. பெயர்களைக் கேட்டால் இன்றைய இளைஞனுக்குப் புன்னகை வரும். வடசொல் மிகுதி; ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வால் ஒட்டிய வேடிக்கையும் உண்டு. எனினும் நாலாயிரம் பக்க அளவுக்கு மேலை மருத்துவம் தமிழ் எழுத்தில் ஏறிற்று. அவர் உருவாக்கிய மருத்துவர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களுள் பாதிப்பேர் அளவுக்குத் தமிழிலேயே பயின்றவர்கள். தமிழில் படித்த காரணத்தால் அவர்கள் கத்தி பிடித்த கை நடுங்கிற்று என்று எவரும் எழுதி வைக்கவில்லை!

பின் ஏன் அம்முயற்சி நிலைக்கவில்லை? 1873-இல் கிறீன் தாயகம் திரும்பினார், 1884-இல் மறைந்தார். கொழும்பிலே 1870-இல் அரசு மருத்துவப் பள்ளி எழுந்திருந்தது. அங்கே ஆங்கிலம், அதன் பட்டயத்திற்கே அரசு வேலை. தமிழில் கற்றவனுக்கு அறிவு இருந்தது. அரசு முத்திரை இல்லை. மொழிக்கு ஆற்றல் போதவில்லை என்று யாரும் மெய்ப்பித்துக் காட்டவில்லை. சோறு வேறு மொழியின் பக்கம் வைக்கப்பட்டது. பசித்தவன் அந்தப் பக்கம் போனான். இந்தக் காரணத்தை நம் தோழர்கள் நன்றாக மனத்தில் இருத்த வேண்டும். பயிற்றுமொழிச் சிக்கல் முழுவதற்கும் இதுவே திறவுகோல் என்பது நம் கருத்து.

கிறீனை அனுப்பிய அதே பாஸ்டன் சங்கம் 1816-இல் யாழ்ப்பாணத்திலும், 1820-இல் பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாய்த் தீவுகளிலும் கால் வைத்தது. ஹவாய் மக்களின் மொழிக்கு அன்று எழுத்தில்லை. ஆங்கில எழுத்துகளைக் கொண்டு எழுத்து அமைத்தனர். 1822-இல் அம்மொழி அச்சேறிற்று. 1834-இல் முதற் செய்தித்தாள் வெளிவந்தது. 1840-இல் மன்னர் மூன்றாம் கமேகமேகா காலத்தில் பொதுப்பள்ளிச் சட்டம் பிறந்தது. பள்ளிகள் தாய்மொழியில் நடந்தன. நேற்றுவரை எழுத்தே அறியாதிருந்த மக்கள், இரண்டு தலைமுறைக்குள் உலகிலேயே எழுத்தறிவு மிகுந்த நாட்டினருள் ஒருவராயினர். அம்மொழியில் நூற்றுக்கு மேற்பட்ட செய்தித்தாள்கள் வெவ்வேறு காலங்களில் வெளிவந்தன. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் படைத்த நாம் இந்தச் செய்தியைச் சற்று நாணத்தோடுதான் படிக்க வேண்டும்.

1893-இல் கரும்புத் தோட்ட முதலாளிகளும் அவர்களைச் சார்ந்த அமெரிக்கர்களும் அமெரிக்கப் போர்வீரர் கரையிறங்கி நிற்க, அரசி லிலியுகலானியை அரியணையிலிருந்து இறக்கினர். 1896-இல் அவர்களுடைய ஆட்சி ஒரு சட்டம் இயற்றிற்று. ஹவாய் மொழியை யாரும் பேசக்கூடாது என்று அச்சட்டம் சொல்லவில்லை. பள்ளிகளில் பயிற்றுமொழி ஆங்கிலம் என்று மட்டுமே சொல்லிற்று. அது போதுமானதாக இருந்தது! பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். தண்டனை பெற்ற பிள்ளை வளர்ந்து தாயானாள். தன் குழந்தைக்கு அந்தத் துன்பம் வேண்டாமென்று வீட்டிலும் ஆங்கிலம் பேசினாள். 1980-களின் தொடக்கத்தில் கணக்கெடுத்துப் பார்த்தபோது, அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசும் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஐம்பது பேரைக்கூடத் தாண்டவில்லை. அவர்களிலும் பலர் நீகௌ என்னும் ஒரு சிறு தீவைச் சேர்ந்தவர்கள்.

நம் நாட்டில் அப்படியொரு சட்டம் எவனும் இயற்றவில்லை. இங்கே நடந்தது வேறு. அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகள். அவற்றில் படித்தோர் 1,88,650 பேர். மக்கள்தொகை ஒரு கோடியே இருபத்தெட்டு இலட்சத்துச் சொச்சம். இந்த எண்ணைக் காட்டி, "பார்த்தீர்களா, பழங்காலத்தில் நாடே கல்விச்சாலையாக விளங்கிற்று" என்று பெருமை பேசுவோர் உண்டு. நாம் அவர்களோடு சேர்ந்து கைதட்ட இயலாது. திண்ணைப் பள்ளியில் பார்ப்பனரல்லாதார் பிள்ளைகள் மிகுதியாகப் படித்தனர் என்பது மெய். தீண்டாதார் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் பிள்ளை அத்திண்ணையில் ஏற முடியாதென்பதும், பெண் குழந்தைகள் மிகச் சிலரே என்பதும் அதே அளவு மெய். அக்கணக்கில் இன்னொன்றும் உண்டு. எண்ணும் எழுத்தும் அவ்வவ்விடத்து மக்கள் மொழியில் கற்பிக்கப்பட்டன. அதற்கு மேற்பட்ட கல்வியோ, சாத்திரம், சட்டம், வானநூல் எல்லாம் வடமொழியில் இருந்தன. அதைப் பயின்றவர் பெரும்பாலும் பார்ப்பனரே.

அதாவது கல்வி என்னும் வீட்டுக்கு இரண்டு அடுக்கு. தரைத்தளத்தில் ஒரு மொழி. மாடியில் ஒரு மொழி. மாடிப்படியின் வாயிலில் காவல். 1835-இல் மெக்காலே குறிப்பு எழுதினார். 1854-இல் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை வந்தது. பொதுமக்களுக்கு அவரவர் மொழி, உயர்கல்விக்கு ஆங்கிலம் என்று ஏற்பாடாயிற்று. மாடியில் குடியிருந்த மொழி மாறிற்று, மாடி இடிக்கப்படவில்லை. வடமொழிப் பயிற்சியால் நினைவாற்றலையே தொழிலாகக் கொண்டிருந்தவர்கள் புதிய மொழியையும் முதலில் பற்றிக்கொண்டு மாடியேறினர். நீதிக்கட்சி பிறந்ததற்கும், வகுப்புவாரி உரிமை கேட்டு நம் முன்னோர் போராடியதற்கும் காரணம் அந்த மாடியில் இருந்தது என்பதை நம் இளைஞர் அறிவர்.

தரைத்தளத்தின் கதைக்கு நம் பகுதியே சான்று. பாளையங்கோட்டைக்கு 1820-இல் வந்த இரேனியுஸ் ஐயர் 1838-இல் மறையும்வரை ஊர் ஊராகப் பள்ளி திறந்தார். பெண் பிள்ளைகளையும் உட்கார வைத்தார். தமிழில் பாடநூல் இல்லாத நிலையில், 1832-இல் 'பூமி சாஸ்திரம்' என்ற புவியியல் நூலைத் தமிழில் எழுதி அச்சிட்டார். உலகம் உருண்டை என்பதையும் கண்டங்கள் இவை என்பதையும் நெல்லைச் சீமைச் சிறுவன் தமிழில் படித்தான். 1841-இல் கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தார். செம்மண் தேரியும் பனையுமன்றி வேறில்லாத இப்பகுதியில், கோயில் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்ட பனையேறியின் பிள்ளைக்கு எழுத்து கிடைத்தது அத்தகைய பள்ளிகளில். வேதாகமம் படிக்க வைப்பதே அவர்கள் நோக்கம் என்பீர்கள்; ஆம், அதுவே நோக்கம். ஆயினும் எழுதப் படிக்கத் தெரிந்தவன் வேதாகமத்தோடு நிறுத்திக்கொள்வானா? 'குடி அரசு' இதழும் நம் ஊர்களில் படிக்கப்பட்டதே!

மாடிக்குத் தமிழை ஏற்றும் முயற்சியும் நெல்லையிலேயே வேர்விட்டது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1934-இல் இ. மு. சுப்பிரமணிய பிள்ளை முதலியோர் திருநெல்வேலியில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினர். அரசு வெளியிட்டிருந்த அறிவியற் சொற்பட்டியலில் வடசொல்லே மலிந்திருப்பதைக் கண்டு, அறிஞர் பலரைக் கூட்டி, 1936-இல் சென்னையில் கலைச்சொல் மாநாடு நடத்தினர். 1938-இல் ஏறத்தாழப் பதினாயிரம் சொற்கள் கொண்ட 'கலைச்சொற்கள்' நூல் வெளிவந்தது. வேதியியல், விலங்கியல், உடலியல், கணிதம் என்று துறைதோறும் சொல் கண்டனர். ஊதியம் பெற்றுச் செய்த வேலையன்று. இரண்டாண்டு கழித்து, சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு வடசொற்களையே பெரிதும் சார்ந்து நின்றபோது, தமிழ்நாடெங்கும் எதிர்ப்பெழுந்தது. தமிழறிஞர்கள் குழுவில் சேர்க்கப்பட்டனர். இன்று எட்டாம் வகுப்புப் பிள்ளை எளிதாகச் சொல்லும் சொற்கள் பலவற்றின் பின்னால் இப்படியொரு சண்டை கிடக்கிறது.

அதே காலத்தில்தான் இந்தி எதிர்ப்புப் போர். 1939-இல் நடராசனும் தாளமுத்துவும் சிறையிலிருந்து பிணமாக வந்தனர். 1940-இல் கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1946 முதல் 1949 வரை கல்வியமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்றுமொழியாக நிலைநிறுத்தினார். கட்சியால் அவர் நமக்கு மாற்றார், செயலால் பாராட்டத்தக்கவர். 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1960-இல் கோவை அரசு கலைக்கல்லூரியில் பட்டப்படிப்பே தமிழில் தொடங்கிற்று. கல்லூரிப் பாடநூல்கள் நூற்றுக்கணக்கில் தமிழில் வெளியாயின. 1964-இல் சின்னச்சாமி தீக்குளித்தார். 1965-இல் மாணவர் கிளர்ந்தனர். 1968-இல் அண்ணாவின் அரசு இருமொழிக் கொள்கையை நிறைவேற்றிற்று.

முன்வாயிலில் இந்தி நுழையாமல் காத்தோம். பெருமைக்குரிய காவல்தான். பின்வாயில்?

மெட்ரிகுலேஷன் பள்ளிகள் 1970-களின் நடுப்பகுதி வரை பல்கலைக்கழகங்களின் பொறுப்பில் இருந்தன, எண்ணிக்கையில் சிலவே. பின்னர் மாநில வாரியத்தின் கீழ் வந்து, ஆயிரக்கணக்கில் பெருகின. நம் இயக்கத்தின் ஆட்சியும் அதிலிருந்து பிரிந்த இயக்கத்தின் ஆட்சியும் மாறி மாறி நடந்த காலத்தில்தான் இது நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நாம் வரலாறு எழுதத் தகுதியற்றவர் ஆவோம். 1999 ஏப்ரலில் தமிழறிஞர் 102 பேர் சென்னையில் சாகும்வரை உண்ணாநோன்பு தொடங்கிய பிறகே, ஐந்தாம் வகுப்புவரை தமிழ் அல்லது தாய்மொழியே பயிற்றுமொழி என்னும் அரசாணை அவ்வாண்டு நவம்பரில் பிறந்தது. 2000 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. கருநாடக அரசின் இதேபோன்ற ஆணையை 2014 மே மாதம் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு தள்ளிற்று. தாய்மொழியைப் பயிற்றுமொழியாகக் கட்டாயப்படுத்த அரசுக்கு அதிகாரமில்லை என்றது. சமச்சீர்க் கல்விக்காக 2010-இல் சட்டம் வந்து, 2011-இல் உச்சநீதிமன்றத்தின் ஆணையால் நடைமுறையாயிற்று. பாடம் ஒன்றாயிற்று, பயிற்றுமொழி இரண்டாகவே நின்றது. 2012, 2013 ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. வீட்டுக்காரனே வாடகைக்காரனாகத் திண்ணையில் ஒதுங்கும் நிலை!

இங்கே தோழர்கள் ஒரு கேள்வி எழுப்புவர், எழுப்பவும் வேண்டும். "பெரியார் ஆங்கிலம் வேண்டும் என்றாரே? தமிழைக் காட்டுமிராண்டி மொழி என்று கண்டித்தாரே?" கண்டித்தார். தமிழைத் தாயென்றும் தெய்வமென்றும் கும்பிட்டுக் கொண்டிருந்தவர்களைப் பார்த்து, புராணத்தைத் தவிர இதில் என்ன வைத்திருக்கிறீர்கள், விஞ்ஞானம் எங்கே என்று கேட்டார். அவரே 1935-இல் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டு, அச்சுக்கும் கற்பதற்கும் தமிழை எளிதாக்க முற்பட்டார். 1978-இல் அரசும் அதை ஏற்றது. எழுத்தைத் திருத்தியவர் அந்த மொழி எதற்கும் உதவாதென்று எண்ணியா திருத்தினார்? அவர் கேட்ட விஞ்ஞானத்தை அதில் வைப்பதே அவருக்கு நாம் தரும் மறுமொழி. ஆங்கிலம் கூடாதென்று நாம் கூறவில்லை. ஏழைப் பிள்ளைக்கு ஆங்கிலம் தேவை. மேலும் நன்றாகவே தேவை. ஒரு மொழியை நன்றாகக் கற்பது வேறு. அறியாத மொழியில் எல்லாவற்றையும் கற்பது வேறு. 1953-லேயே யுனெஸ்கோ நிறுவனத்தின் அறிஞர் குழு குழந்தையின் கல்விக்குத் தாய்மொழியே சிறந்த ஊடகம் என்று அறிவித்துவிட்டது. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி ஆணையமும் பல்கலைக்கழகம் வரை வட்டார மொழியே பயிற்றுமொழியாக வேண்டும் என்றது.

இதை விளக்க அறிக்கைகளைக் கூடத் தேட வேண்டியதில்லை. பனங்காட்டுக்குப் போனால் போதும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் பதநீர், தடவாவிட்டால் கள். இது நம் ஊர்ப் பிள்ளைக்கு ஐந்து வயதில் தெரியும். சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாராயமாக்குகிறது, அதற்கு நொதித்தல் என்று பெயர், சுண்ணாம்பு காரமாதலால் அந்நுண்ணுயிரின் வேலையை அடக்குகிறது என்று தமிழில் சொன்னால், வகுப்பில் பின்வரிசைப் பையனின் கண் விரிவதை நாம் காண்கிறோம். "அப்போ மழைக்காலத்தில் ஏன் சார் சுண்ணாம்பு கூடுதலாப் போடணும்?" என்று அவனே கேட்கிறான். அவன் கேட்ட அந்தக் கேள்விதான் விஞ்ஞானம். இதே பாடத்தை ஆங்கிலத்தில் நடத்தும் வகுப்பிலோ, நொதித்தலுக்குரிய ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டலை ஐந்து முறை எழுதிவரச் சொல்லி மணி அடித்துவிடுகிறது. பையனின் தந்தை விடியற்காலையில் பனையேறி இறக்கிய பதநீருக்கும் அந்தச் சொல்லுக்கும் உறவுண்டென்று அவனுக்கு யார் சொல்வார்?

தமிழ்வழியில் படித்தவனுக்கு மாடிப்படி இன்று எப்படி இருக்கிறது? 2010-இல் இரண்டு நல்ல செயல்கள் நடந்தன. தமிழ்வழிப் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் வந்தது. அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. கிறீனின் மாணாக்கருக்குக் கிடைக்காத முத்திரை, சோறு இருக்கும் பக்கம், ஓரளவு கிடைத்தது. ஆனால் 2017-இல் நீட் தேர்வு வந்தது. ஏ. கே. இராஜன் குழு 2021-இல் அரசுக்கு அளித்த அறிக்கையின்படி, அதற்கு முந்திய ஆண்டில் மருத்துவ இடங்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு பெற்றிருந்த தமிழ்வழி மாணவர், அவ்வாண்டில் 2 விழுக்காட்டுக்கும் கீழே தள்ளப்பட்டனர். ஒரே ஆண்டில் தமிழ்வழிப் பிள்ளைகள் மடையராகிவிட்டனரா? மாடிப்படிக் காவலன் மாறினான், அவ்வளவே. கடைவீதித் தந்தையின் அச்சத்திற்கு இதுவே வேர். அவர் தமிழைக் கைவிடவில்லை, காவலனுக்கு அஞ்சுகிறார்.

ஹவாய் மக்கள் அந்த அச்சத்தை எப்படி வென்றனர்? 1978-இல் தங்கள் மாநில அரசியல் சட்டத்தில் ஹவாய் மொழியையும் ஆட்சிமொழியாக்கினர். ஏட்டில் எழுதியதோடு அவர்கள் உறங்கவில்லை. 1983-இல் சில ஆசிரியரும் பெற்றோரும் கூடி 'மொழிக்கூடு' என்று பொருள்படும் அமைப்பைத் தொடங்கினர். நியூசிலாந்து மாவோரி மக்கள் அதற்கு முந்திய ஆண்டில் கண்ட வழி அது. 1984-இல் கவாய்த் தீவில் முதல் மழலையர் பள்ளி. அங்கே விளையாட்டும் உணவும் பாட்டும் கணக்கும் ஹவாய் மொழியிலேயே. 1896-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த விதி குறுக்கே நின்றது. சட்டமன்றத்தின் படிகளில் மூன்றாண்டு ஏறி இறங்கி 1986-இல் அதை மாற்றினர். 1987-இல் அரசுப் பள்ளிகள் இரண்டில் ஹவாய்வழி வகுப்புகள் தொடங்கின. அவ்வழியில் படித்த முதல் மாணவர் 1999-இல் உயர்நிலைக் கல்வியை முடித்து வெளிவந்தனர். 2019-இல், லானாய் என்னும் சிறு தீவில் தம் பெண்மக்களுக்கு ஹவாய்வழி வகுப்பு இல்லையென்று ஒரு தாய் வழக்காட, அக்கல்வி கிடைக்க அரசு தக்க முயற்சி எடுத்தாக வேண்டும் என்று அம்மாநில உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசின் குறை என்ன தெரியுமா? ஆசிரியர் கிடைக்கவில்லை என்பது!

நம்மிடம் கட்டடம் இருக்கிறது, பாடநூல் இருக்கிறது, மொழி தெரிந்த ஆசிரியர் வேலையின்றி வீதியில் இருக்கிறார். மொழிக்கூட்டை முதலில் கட்டியவர்கள் பிறர் பிள்ளைகளை அழைக்குமுன் தம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டனர். நம் இயக்கத்தோழர் வீடுகளில் இந்தக் கணக்கை ஒருமுறை எடுக்கலாம்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதுமென்று அதே சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. ஐந்து வகுப்புக்கு இருவர்! கடைவீதித் தந்தை தமிழ்வழிப் பள்ளியைக் கண்டு தயங்குவதில் பாதி இதனால்தான். ஆகவே உடன்குடி வட்டாரத்துத் தோழர்கள் வரும் குழுக் கூட்டங்களில் வைக்க வேண்டிய தீர்மானங்கள் இரண்டு. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்பது ஒன்று. ஆங்கிலத்தை ஒரு மொழியாக, பேசவும் எழுதவும் வருமாறு கற்பிக்கத் தனிப்பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் தொடக்கப்பள்ளிதோறும் என்பது மற்றொன்று. தீர்மானத்தின் படியை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்கி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் அதை முதலில் படியுங்கள்.